கிருமி காத்திருப்பதில்லை

எச்.ஐ.வி. கிருமி உடலில் புகுந்தாலும் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும், உடல் மெலிந்த பின்னர் வைத்தியரை நாடினால் போதும் என்ற எண்ணம் நம்மவர் மத்தியில் உண்டு. இது தவறான எண்ணம் மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

தாய்லாந்தின் பாங்கொக் நகரில், தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களேயான 18 பேர் தமது முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிக்க இணங்கினர். மூளையைச் சூழ்ந்திருப்பதும் இந்நீரே. அவர்களில் 15 பேரின் நீரில் கிருமி காணப்பட்டது. ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டு ஏறக்குறைய 8 நாட்களே ஆகியிருந்தன. இவ்வாய்வு 2012இல் வெளியானது.

இரத்தத்தில் வரும் தீயவை மூளைக்குள் நுழையாதபடி இயற்கை ஒரு வேலி அமைத்துள்ளது. ஆனால் நம்மைக் காக்கும் வெண்குருதிக் கலங்களுக்குள் ஒளிந்துகொண்டே கிருமி அவ்வேலியைக் கடக்கிறது. உள்ளே நரம்புக் கலங்களைப் பேணும் துணைக் கலங்களில் குடியேறி அழற்சியை உண்டாக்குகிறது. சிகிச்சையின்றி விட்டால், காலப்போக்கில் சிலருக்கு மறதி, கவனக்குறைவு, நடையில் தடுமாற்றம் என்பன தோன்றலாம்.

இதற்காக நாம் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள் இரத்தத்தில் மட்டுமன்றி, பெரும்பாலானோரின் மூளை நீரிலும் கிருமியை அடக்கிவிடுகின்றன. தொற்று உறுதியான எவருக்கும் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நமது நாட்டின் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஆபத்து நேர்ந்ததென்று ஐயமிருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் செல்லுங்கள். தொற்றைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. அக்காலம் கடந்திருந்தாலும் செல்லுங்கள். புதிய தொற்றை முதற் பரிசோதனை காட்டாமல் விடக்கூடும். ஆகவே வைத்தியர் குறிக்கும் நாளில் மீண்டும் பரிசோதிப்பது அவசியம். சிகிச்சை பெறுவோர் இடம் மாற நேர்ந்தால் கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

மருந்து இருந்தும் நம்மைத் தாமதிக்கச் செய்வது எது? ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயமே. ஒரே கிணற்றில் நீர் அள்ளுவதால், ஒரே பந்தியில் உண்பதால், ஒரே கூரையின்கீழ் உறங்குவதால் இக்கிருமி தொற்றாது. அயலவர் ஒருவரை நாம் ஒதுக்கினால், அதைக் கண்ட இன்னொருவர் பரிசோதனைக்குப் போகாமல் மறைந்திருப்பார். அவர் மறைந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கே இலாபம்.

பயிர் மஞ்சளிக்கும்வரை வரம்பில் பார்த்திருப்பவன் விவசாயி அல்லன். நம் உடலிலும் உறவிலும் அதே விழிப்பு வேண்டும்.