யப்பானிய வேகக் கார்களும் எமது இளைஞர்களும்

மகன் பழைய யப்பானிய வேகக் கார் ஒன்றை வாங்கிவந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டால், எமது குடும்பங்கள் பலவற்றில் துக்க வீட்டின் அமைதி குடிகொண்டுவிடுகிறது. இரண்டு வேலை செய்து படிப்பித்த பிள்ளை தன் சம்பளம் முழுவதையும் இரும்புக்குள் கொட்டுகிறானே என்று தந்தையார் சினக்கிறார். அயலவர் என்ன சொல்வார்களோ என்று தாயார் அஞ்சுகிறார். பிள்ளையோ வாய் திறவாது கார்க் கொட்டகைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறான். இரு தரப்பினரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லையாதலின், இவ்விடயம் குறித்துச் சற்று ஆற அமர எழுத விழைகின்றோம்.

இக்கார்கள் எத்தகையவை என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்திருத்தல் நன்று. 1989ஆம் ஆண்டில் நிசான் நிறுவனம் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். என்னும் காரை மீண்டும் வெளியிட்டது. 2.6 லீற்றர் கொள்ளளவு, ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள், நான்கு சில்லுகளுக்கும் செல்லும் வலு. 1990 முதல் 1993 வரை யப்பானியச் சம்பியன் போட்டித் தொடரில் ஓடிய 29 ஓட்டங்களிலும் அதுவே வென்றது. அவுஸ்திரேலியாவின் பாத்தேர்ஸ்ற் நெடுந்தூரப் போட்டியை 1991இலும் 1992இலும் வென்றபோது, அந்நாட்டார் அதற்கு ஏற்கனவே சூட்டியிருந்த ‘கொட்சில்லா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ரொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்.எக்ஸ்.-7, சுபாரு இம்பிரேசா என்பனவும் இதே காலத்தவை. மிற்சுபிசி லான்சரில் ஓடிய பின்லாந்து நாட்டவரான ரொமி மக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு தடவைகள் உலக ரலிச் சம்பியனானார். பிள்ளை வாங்கிவந்தது பழைய இரும்பு அன்று என்பதற்காகவே இவ்வளவும் கூறினோம்.

இன்னுமொரு சங்கதி உண்டு. 1989 முதல் 2004 வரை யப்பானியக் கார் உற்பத்தியாளர்கள் தமக்குள் எழுதப்படாத உடன்பாடு ஒன்றைப் பேணினர். உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைவலுவுக்கு மேல் அறிவிப்பதில்லை என்பதே அது. மணிக்கு 180 கிலோமீற்றரைத் தாண்டாதவாறு தடையும் பொருத்தினர். ஆனால் பொறியியலாளர்கள் அந்த இயந்திரங்களை அதைவிடக் கூடுதலான வலுவைத் தாங்கத்தக்கதாகவே வார்த்திருந்தனர். சுப்ராவின் மூன்று லீற்றர் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உடல் இதற்கு நல்ல சான்று. பூட்டிவைத்த பெட்டியைக் கண்டால் திறந்து பார்க்க விரும்புவது இளவயதின் இயல்பு.

டர்போ என்பது மாயவித்தை அன்று. இயந்திரத்திலிருந்து வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலும் பொறி இது. காற்றுக் கூடினால் கூடுதலான பெற்றோலை எரிக்கலாம், வலு பெருகும். ஆனால் அமுக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டு அதற்கேற்ற பெற்றோலைக் கொடாவிடின், வெப்பம் அளவு கடந்து, கலவை தறிகெட்டு வெடித்து, பிஸ்ரனில் ஓட்டை விழும். ஆகவே பெரிய பெற்றோல் பம்பி வேண்டும், இயந்திரத்தை ஆளும் சிறு கணினியின் கணக்குகளைத் திருத்தி எழுதவேண்டும், அமுக்கத்தாற் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலரைப் பெருப்பிக்கவேண்டும், கிளச் தாங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னர், இத்தனை வேகத்தையும் நிறுத்தவல்ல பிரேக் வேண்டும். எமது இளைஞர் பலர் இதனையே கடைசிக்கு விடுகின்றனர். குதிரைவலுவைச் சொல்லிப் பெருமைப்படலாம், பிரேக்கைச் சொல்லிப் பெருமைப்பட முடியாதல்லவா?

இவற்றையெல்லாம் தானே கற்று, பிழைவிட்டு, கழற்றி, மீண்டும் பூட்டும் பிள்ளையை வீணன் என்று கூற எமக்கு மனம் வரவில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் காண்பதே அரிதாயிற்று. அக்காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் யார்? சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கைகள் எவை? சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களின் பிள்ளைகளே இவர்கள். அன்று தேவை செய்வித்ததை இன்று ஆசை செய்விக்கிறது என்பதே வேறுபாடு. செலவு பற்றிய முறைப்பாடும் நியாயமானதே. எனினும் பூப்புனித நீராட்டு விழா ஒன்றுக்கு நாம் மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் கொட்டும் தொகையை நோக்குமிடத்து, அது பற்றி நாம் குரலை அதிகம் உயர்த்த முடியாது.

கனடாவுக்கு 15 வயது நிரம்பிய கார்களை யப்பானிலிருந்து இறக்குமதி செய்யலாம். அமெரிக்காவிலோ 25 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். இக்கார்கள் எமது வாசல்களுக்கு எளிதில் வந்துசேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். சுக்கான் வலப்பக்கத்தில் இருக்கும். ஊரில் கார் ஓடிப் பழகிய தந்தைமாருக்கு அதில் ஏறி அமர்ந்ததும் ஒரு கணம் ஊர் நினைவு வரக்கூடும்!

இனி, வீதிக்கு வருவோம். இங்கே எமக்கு விட்டுக்கொடுப்பு எதுவும் இல்லை. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். எந்தத் திறமையும் இதனை மாற்றாது. நள்ளிரவு வீதியில் எதிரே வருபவர் இரண்டாவது வேலை முடிந்து திரும்பும் எம்மவர் ஒருவராகவே இருக்கலாம்.

ஒன்ராறியோவில் வீதிப் பந்தயத்துக்கு எதிரான கடுஞ்சட்டம் 2007ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, 2021இல் மேலும் இறுக்கப்பட்டது. எல்லை 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வீதியில் அதற்கு மேல் 40, ஏனைய வீதிகளில் 50 கிலோமீற்றர் கூட்டி ஓடினாலே போதும். சாரதி அனுமதிப்பத்திரம் 30 நாட்களுக்குப் பறிக்கப்படும். கார் 14 நாட்களுக்குக் கட்டியிழுத்துச் செல்லப்படும். அது தந்தையின் பெயரில் இருந்தாலும் விதிவிலக்கில்லை. குற்றம் நிரூபிக்கப்படின் தண்டம் 2,000 டொலரிலிருந்து 10,000 டொலர் வரை. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

இது மாகாணச் சட்டம். எமது சமூகத்தவர் பலர் அறியாதது இதற்கு அப்பால் உள்ளது. ஆபத்தான முறையில் வாகனம் செலுத்துதல் நாட்டின் குற்றவியற் சட்டத்தின் கீழ் வருவது. 2018 டிசம்பரில் அதற்கான உச்ச தண்டனை ஐந்தாண்டுச் சிறையிலிருந்து பத்தாண்டாக உயர்த்தப்பட்டது. குடிவரவுச் சட்டமோ, பத்தாண்டுச் சிறை விதிக்கத்தக்க குற்றத்தைப் பாரதூரமான குற்றமாக வகுத்துள்ளது. நீதிபதி உண்மையில் விதிப்பது ஒரு சிறு தண்டப்பணமாயினும் இந்த வகுப்பு மாறாது. ஆகவே பிரசாவுரிமை பெறாத நிரந்தர வதிவாளர் ஒருவர் நாடுகடத்தல் நடவடிக்கைக்கு உள்ளாகலாம். அகதிக் கோரிக்கையாளர் ஒருவர் தண்டிக்கப்பட்டால், அவரது கோரிக்கை விசாரணைக்கே எடுக்கப்படாது போகலாம். பக்கத்து ஒழுங்கையில் வாழும் வெள்ளைக்கார நண்பனுக்கு அதே பந்தயம் ஒரு வழக்கு. எமது பிள்ளைக்கு அது முழு வாழ்வு. குடும்பத்தில் ஒருவருக்கேனும் பத்திரம் இன்னும் கைக்கு வராதிருப்பின், இந்தப் பந்தியைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுக.

ஓடவேண்டுமாயின் அதற்கென இடங்கள் உள. போமன்வில்லுக்கு வடக்கே, 1961இல் திறக்கப்பட்ட மொஸ்போட் ஓடுதளம் உண்டு. கனடாவின் முதலாவது போர்மியுலா 1 உலகச் சம்பியன் போட்டி 1967இல் நடந்தது அங்கேயே. கயூகாவில் 402 மீற்றர் நேரோட்டத் தளம் உண்டு. அங்கே தலைக்கவசம் உண்டு, மேற்பார்வை உண்டு, எதிரே வரும் வாகனம் இல்லை. ஆனால் சாதாரண காப்புறுதி ஓடுதளப் பந்தயத்துக்குச் செல்லாது என்பதையும், காரில் செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியாதிருப்பின் வீதி விபத்திற்கூட இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதையும் இளைஞர்கள் மறத்தலாகாது.

எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒவ்வொரு கோடையிலும் கிரிக்கெட்டுக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் மைதானம் எடுக்கின்றன. அதே நிர்வாக சபைகள் ஒரு சனிக்கிழமை ஓடுதளம் ஒன்றை ஒழுங்குசெய்து, இப்பிள்ளைகளைப் பெற்றோருடன் அழைத்துச் செல்வதில் என்ன தடை? போக்குவரத்துச் செலவை விளையாட்டுப் பிரிவின் கணக்கில் எழுதலாம். பழைய மொறிஸ் மைனரை ஓட்டிய பெரியவர்கள் சிலர் உடன் வந்தால், கார்களின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவதற்கு இரு தலைமுறைக்கும் நிறையவே இருக்கும்.