எண்ணிக்கை எதை அளக்கிறது?

எரியும் தீக்குச்சி, ஓர் அண்டா வெந்நீர்: இவற்றில் எதன் வெப்பநிலை அதிகம்? தீக்குச்சிச் சுடரின் வெப்பநிலைதான். எதில் வெப்பம் அதிகம்? அண்டா நீரில். வெப்பநிலைமானி காட்டும் எண் பொய்யன்று. ஆனால் அதை மட்டும் பார்த்து வெப்பத்தின் அளவைச் சொல்ல முயன்றால் ஏமாந்துபோவோம். ஒரு கருவி எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அதை நம்ப வேண்டும். விஞ்ஞானிகளை அளக்க முற்படும்போது இந்த எளிய பாடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விஞ்ஞானிகளை அளப்பதா என்று கேட்கிறீர்களா? ஆம், மாணவ நண்பர்களே! மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சியாளர் ஒருவர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார், அவற்றைப் பிற ஆராய்ச்சியாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பல இடங்களில் கணக்குப் பார்க்கிறார்கள். இவ்வாறு குறிப்பிடுவதையே மேற்கோள் என்கிறோம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் யூஜின் கார்பீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கிய பின் இந்தக் கணக்கு எளிதாயிற்று. ஒரு கருத்து எந்தெந்தக் கட்டுரைகளின் வழியே வளர்ந்தது என்று தேடுவதற்கே அவர் அதை உருவாக்கினார். நாளடைவில் அது மனிதர்களை எடைபோடும் தராசாகிவிட்டது.

2005-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் மேலும் ஒரு கணக்கைச் சொன்னார். ஒருவருடைய கட்டுரைகளில் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய குறியீட்டெண் 10. இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 பெற்றிருந்தால் 20. இதைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம். ஒருவர் 20 கட்டுரைகள் எழுதி ஒவ்வொன்றுக்கும் 20 மேற்கோள் பெற்றார், மொத்தம் 400. இன்னொருவர் ஐந்தே கட்டுரைகள் எழுதி ஒவ்வொன்றுக்கும் 1,000 பெற்றார், மொத்தம் 5,000. முன்னவரின் குறியீட்டெண் 20, பின்னவருடையது 5! இருவரில் யார் பெரியவர்? கட்டுரைகளைப் படிக்காமல் சொல்ல முடியாது.

உண்மை நிகழ்ச்சிகளையே பாருங்கள். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் உள்ளது என்று கண்டறியும் முறையை லௌரியும் அவருடைய கூட்டாளிகளும் 1951-இல் வெளியிட்டார்கள். கரைசலில் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு புரதத்தை அளக்கும் முறை அது. உயிர்வேதியியல் கூடங்களில் எல்லாம் அது பயன்பட்டது. அந்தக் கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றிருக்கிறது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 2014-இல் தொகுக்கப்பட்ட முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் இடம்பெறவே இல்லை. லௌரியின் கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் மேற்கோள் எண்ணிக்கை காட்டியது அதன் பயன்பாட்டையே. கண்டுபிடிப்பின் ஆழத்தை அன்று.

நம் சென்னையிலேயே இன்னொரு சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு பிணைப்புகளைச் சுற்றித் திரும்பக்கூடியது. எந்தக் கோணங்களுக்குத் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும், எவற்றில் மோதாது என்று அவர்கள் கணக்கிட்டு ஒரு படமாக வரைந்தார்கள். புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு சரிதானா என்று சோதிக்க உலகெங்கும் இன்றும் அந்தப் படத்தையே நாடுகிறார்கள். ஆனால் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று சொல்லிவிட்டு, மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டாமலே விட்டுவிடுபவர்கள் பலர். நியூட்டன் விதியைப் பயன்படுத்தும்போது நாம் அவர் நூலைக் குறிப்பிடுகிறோமா? மிகப் பெரிய வெற்றி பெற்ற கருத்து எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடுகிறது!

அப்படியானால் எண்ணிக்கையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். சிபாரிசு இல்லாத ஒருவர், சிறிய ஊர்க் கல்லூரியில் இருந்துகொண்டு நல்ல ஆராய்ச்சி செய்தால், அவர் பெற்ற மேற்கோள்கள் அவருக்காகப் பேசும். ஆனால் எண் சாட்சியாக இருக்கலாம். நீதிபதியாக இருக்கக் கூடாது. எண்ணுக்கே பரிசு என்றால் என்ன நடக்கும்? ஒரு கட்டுரையில் சொல்ல வேண்டியதை மூன்றாகக் கூறுபோட்டு வெளியிடுவார்கள். தம் கட்டுரைகளைத் தாமே அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். விடை காணப் பத்து ஆண்டுகள் ஆகும் கேள்வியைத் தொட இளைஞர்கள் அஞ்சுவார்கள். இழப்பு அறிவியலுக்குத்தான்.

கட்டுரை எந்த இதழில் வந்தது என்பதைக் கொண்டு அதன் தரத்தை முடிவு செய்யலாகாது என்று 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியலார் ஓர் அறிக்கையே தயாரித்தார்கள். பதவி அளிப்பவர்கள் ஒருவருடைய சிறந்த கட்டுரைகள் மூன்றையோ நான்கையோ உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அது சிரமமான வேலைதான். எனினும் அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

உங்களில் சிலர் நாளை ஆராய்ச்சியாளர் ஆவீர்கள். “இவர் முந்நூறு கட்டுரைகள் எழுதியவர்” என்று யாரையாவது பாராட்டக் கேட்டால், தயங்காமல் கேளுங்கள்: அவர் கண்டுபிடித்தது என்ன? அதனால் நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது?