மண்ணைப் பேச விடுங்கள்

நினைவிடத்துக்கு வருகிறவர்களுக்குக் குடிநீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும். இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. இவற்றை எங்கே வைப்பது, எவ்வளவு அடக்கமாக வைப்பது என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாகில் முதல் சாட்சி ஒரு குறுகிய சந்து. 1919 ஏப்ரல் 13 அன்று, உள்ளே கூடியிருந்த மக்களைச் சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ் அதிகாரி டயரின் படை அந்த வழியாகத்தான் நுழைந்தது. கவச வண்டிகள் புக முடியாத அகலம். உள்ளே சிக்கியவர்களால் ஏன் தப்ப முடியவில்லை என்று விளக்க வேறு பலகை தேவையில்லை. அந்தச் சந்தில் நடந்தாலே போதும். 2021இல் புதுப்பித்தபோது அதன் சுவர்களில் புடைப்புச் சிலைகளைப் பதித்தார்கள். உயிர் தப்பக் குதித்தவர்கள் மாண்ட கிணற்றைக் கண்ணாடியால் அடைத்தார்கள். ஒலி-ஒளிக் காட்சியும் வந்தது. வரலாற்றாசிரியர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

இந்தத் தவறு நமக்கு மட்டும் உரியதல்ல. 1863இல் உள்நாட்டுப் போரின் பெரும் சண்டை நடந்த அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், வடபுலப் படை அணிவகுத்து நின்ற மேட்டிலேயே 1962இல் ஒரு பார்வையாளர் மையம் எழுந்தது. வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா. அங்கிருந்து போர்க்களம் நன்றாகத் தெரிந்தது. போர்க்களத்திலிருந்து பார்த்தால் கட்டடம்தான் முதலில் தெரிந்தது. 2008இல் பெரிய சண்டை நடக்காத இடமாகப் பார்த்துப் புதிய மையம் அமைத்தார்கள். கட்டடக்கலை ஆர்வலர்கள் வழக்காடியும் 2013இல் பழையதை இடித்தார்கள். கட்டடத்தில் குறையில்லை, அது நின்ற இடம்தான் குறை.

பிரான்சின் தியெப்வாலில் இந்த விவேகம் முதலிலேயே இருந்தது. முதல் உலகப் போரில் சோம் பகுதியில் மறைந்து, கல்லறையும் அறியப்படாத 72,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைத் தாங்கி அங்கே கட்டடக்கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுச்சின்னம் நிற்கிறது. 2004இல் பார்வையாளர் மையம் கட்டியவர்கள் அதைத் தரைக்குள் இறக்கி, மரங்களுக்கிடையே ஒதுக்கினார்கள். நினைவுச்சின்னத்தோடு அது போட்டி போடவில்லை.

அடக்கமான வடிவமைப்புக்குப் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. சீட்டு கவுண்டர், கடை, கழிப்பறை எல்லாம் வாசலுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே பாதை, நிழல், உட்கார இடம் போதும். பழைய சுவரில் ஆணி இறங்கக் கூடாது. குழாய்க்குத் தோண்டும் முன் தொல்லியலாளர் பார்க்க வேண்டும். நாளை அகற்றினால் தடம் தெரியாதபடி எதையும் வைக்க வேண்டும்.

இத்தனை எளிமையாக இருந்தும் ஏன் நடப்பதில்லை? கண்ணில் படாத கழிப்பறைக்குத் திறப்பு விழா நடத்த முடியாது. ஒலி-ஒளிக் காட்சிக்கு நடத்தலாம். கல்வெட்டில் பெயர் பொறிக்கும் ஆசைதான் நினைவிடங்களைப் பொழுதுபோக்குப் பூங்காக்களாக்குகிறது. எனவே நம் கோரிக்கை ஒன்றே: எந்த நினைவிடத்திலும் கைவைக்கும் முன், டெண்டர் விடுவதற்கும் முன், வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வையுங்கள். இறந்தவர்களின் வழிவந்தோரையும் வரலாற்றாசிரியர்களையும் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.