நூற்றுக்கு நூறு

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிர்ப்புறமாக 1938-ஆம் ஆண்டு முதல் நின்றுகொண்டிருக்கும் யுத்த ஸ்மாரகத்தில், பிரான்சின் தேசிய தினமான ஜூலை 14-ஆம் தேதி பிறந்துவிட்டால் மலர்வளையம் வைப்பதும், பதக்கங்கள் தரித்த முதிய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்து முன்னாள் சிப்பாய்கள், விறைப்பாக நிற்பதும் நம் ஊருக்குப் பழகிப்போன காட்சிகள். மாண்டவருக்கு மரியாதை செய்வது, சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், சுலபமான காரியம். மாளாமல் அங்கம் சிதைந்து, இனி எவ்வேலைக்கும் உதவான் என்று வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த காகிதத்தோடு வீடு திரும்பியவன் விஷயத்தில்தான் ஒரு சர்க்காரின் சுபாவம் வெளிப்படும்.

இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்சுக்காகப் போரிட்டவர்களும், பின்னாளில் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் அண்டை வீட்டாராக வாழ்ந்த ஊர் இது. ஆகையால் ஊனத்தை அளக்க இரு தேசங்கள் கையாளும் இரண்டு அளவுகோல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குச் சாத்தியமாகிறது.

பிரான்சின் அளவுகோல், முதல் உலக யுத்தத்தின் ரத்தம் உலருமுன் இயற்றப்பட்ட 1919 மார்ச் 31-ஆம் தேதிச் சட்டத்திலிருந்து வருவது. காயம் சேவையில் நேர்ந்தது என்று சிப்பாயே ருசுப்படுத்த வேண்டுமென்ற நிலையை மாற்றி, சேவையில் நேர்ந்ததாகவே முதலில் கொள்வோம், அல்லவென்றால் சர்க்கார் ருசுப்படுத்தட்டும் என்ற அநுமானத்தை அது நிலைநாட்டியது. தர்மமாக அல்ல, உரிமையாகவே நஷ்டஈடு. அதைக் காட்டிலும் என் கவனத்தை ஈர்த்தது அதன் பத்தாவது ஷரத்து. நடமாடவோ, ஜீவனுக்கு இன்றியமையாத காரியங்களைத் தானே செய்துகொள்ளவோ இயலாதவன் வீட்டிலிருந்தபடி இன்னொருவருடைய பராமரிப்பை இடைவிடாது நாட நேருமானால், அவன் பென்ஷனில் கால் பங்கைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமென்று அது விதித்தது.

நம் தேசத்தில் மெடிக்கல் போர்டு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது: ஊனம் சேவையால் உண்டானதா அல்லது அதிகரித்ததா; எத்தனை சதவீதம். முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று விழுந்துவிட்டால் சிப்பாயின் பாடு கோர்ட்டு வாசல்தான். பிரான்ஸ் ஒப்புக்கொண்ட அந்த அநுமானம் நம் விதிகளிலும் இருந்தது என்றாலும், வலிப்பு நோய் கண்டு விலக்கப்பட்ட தரம்வீர் சிங்கின் வழக்கில், சேரும்போது குறிக்கப்படாத நோய் சேவையில் வந்ததாகவே கொள்ளத்தக்கது, மறுத்து ருசுப்படுத்தும் பொறுப்பு சர்க்காரையே சாரும் என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. நூறு சதவீத ஊனமானால், பென்ஷனில் சேவைப் பகுதி நீங்கலாக, ஊனத்துக்கான பகுதி கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30. யுத்தகளத்துக் காயத்தால் விலக்கப்பட்டவருக்கு ஊனத்துக்கான அந்தப் பகுதி சம்பளத்துக்கே சமம். நிரந்தரம் என்று போர்டு எழுதிவிட்டால் அது ஆயுளுக்கும் செல்லும் என்பது 2001 முதல் நடைமுறை. இவற்றுக்கு மேல் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று ஒன்றுண்டு. நூறு சதவீத ஊனமுற்று, துணையின்றி இருக்க இயலாதவர் என்று போர்டு சிபாரிசு செய்தவருக்குரிய இந்தப் படி, 2017-இல் மாதம் 6,750 ரூபாயாக உயர்ந்தது.

முத்தியால்பேட்டையில் எனக்குப் பழக்கமான முன்னாள் சிப்பாய் ஒருவர், முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்றுப் படுத்தவர். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் போட வேண்டும். மூத்திரப் பையை மாற்ற வேண்டும். தைலம் தடவிக் குதிகாலை ஒருமுறை பார்க்க வேண்டும், தோல் சிவந்திருந்தால் ஆபத்து. எல்லாம் அவர் மனைவி. டிரங்குப் பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் போர்டு காகிதத்தையும் எடுத்து விரித்துக்காட்டிய அந்த அம்மாள், மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய இடத்தில் விரலை வைத்து, “நூறு பர்சென்ட்டுன்னு அவருக்குப் போட்டிருக்காங்க, அண்ணே. ராத்திரி தூங்காத என்னை எந்த போர்டு பாத்துச்சு?” என்றார். புலம்பலாக அல்ல, கணக்குக் கேட்பவரைப் போலக் கேட்டார். அந்தக் கணக்கு நியாயமானது என்றே கருதுகிறேன்.

ஏனெனில் முழு ஊனம் என்பது சட்டம் நினைப்பதுபோல ஒரு தேகத்தின் விவகாரம் அன்று. ஒருவர் எழ முடியாதபோது இன்னொருவர் உட்கார முடியாமல் போகிறார். பிரெஞ்சு விதிகள் பிற்காலத்தில் இதை ஓரளவு உணர்ந்து, பேரூனமுற்றவருக்கு நெடுங்காலம் பணிவிடை செய்த மனைவிக்கு, கணவர் காலமான பின் விதவைப் பென்ஷனோடு விசேஷத் தொகையொன்றைச் சேர்த்தன. நம்முடைய படியோ கணவருடைய மூச்சோடு நிற்கிறது. அந்த அம்மாளுக்குக் கிடைக்கக்கூடிய குடும்பப் பென்ஷனில் அவர் விழித்த இரவுகளுக்கு இடமில்லை.

நிரந்தரம் என்றெழுதும் அதே காகிதத்தில், பராமரிப்பவர் யார் என்று ஒரு வரி கேட்டு, அந்தப் படியை அவர் பெயருக்கே வரவு வைத்து, கணவருக்குப் பின்னும் ஒரு பங்கைத் தொடர்வதற்குப் பெரிய சட்டத்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. அந்த மாற்றம் வரும்வரை, வீட்டில் இத்தகைய காகிதம் வைத்திருப்பவர்கள் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைக்காமல், துணைக்கான சிபாரிசு எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முத்தியால்பேட்டைக் காகிதத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது, விண்ணப்பம் இப்போதுதான் போயிருக்கிறது.