குழுவுக்கு லீவு... பாட்டுக்கு லீவு இல்லை!

இங்கிலாந்தின் பேராலயங்களில் மாலை வழிபாடு பெரும்பாலும் பாட்டாகவே நடக்கும். ஆகஸ்ட் வந்தால் அங்கே பாடும் சிறுவர் சிறுமியருக்குப் பள்ளி விடுமுறை. அப்போது பாட வருபவர்கள், வெளியூர் அமெச்சூர் குழுவினர். ஆசிரியர், நர்ஸ், ரிட்டயர்டு கிளார்க் எனப் பலரும் இருப்பார்கள். சம்பளம் கிடையாது, செலவும் பெரும்பாலும் அவரவர் கைக்காசுதான்.

குழுவை நடத்துபவருக்குப் பாட்டைவிடப் பெரிய கவலை, தலை எண்ணுவது. சோப்ரானோ பாட ஆள் கிடைத்துவிடும். டெனார் குரலுக்குத்தான் பஞ்சம். இருக்கும் மூன்று பேரில் ஒருவருக்குத் தொண்டை கட்டினாலும் போச்சு!

அடுத்த கவலை, தேதி. 1662-ம் ஆண்டு பிரார்த்தனைப் புத்தகம், பைபிளின் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாள்களுக்குப் பிரித்து வைத்திருக்கிறது. 15-ம் தேதி மாலைக்கு 78-வது சங்கீதம். மொத்தம் 73 வசனங்கள்! அந்தத் தேதி கிடைத்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

உயரமான கல் கட்டடத்தில் எதிரொலி சில விநாடிகள் நிற்கும். ஊரில் பாடிய வேகத்திலேயே பாடினால் வார்த்தைகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். வழிபாட்டுக்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேர ஒத்திகையில் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

சில நாள்களில் கேட்பதற்குப் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். வழிபாடு என்பதால் கைதட்டலும் இல்லை. ஆனாலும், அடுத்த ஆண்டுக்குத் தேதி கேட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள்!