பெயர் வைத்தவர்களையும் கேளுங்கள்

மண்டபம், பாம்பன் கரைகளில் 'பெப்சிப் பாசி' என்றொரு சொல் வழங்குகிறது. கப்பாஃபைகஸ் ஆல்வரேசி என்னும் பிலிப்பைன்ஸ் கடற்பாசிக்குக் கடலோர மக்கள் இட்ட பெயர் அது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்று 1990களில் இப்பாசியை மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் ஒப்பந்தப் பயிராக்கியது. நிறுவனம் பின்னர் விலகிக்கொண்டது, பெயர் விலகவில்லை.

ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் காராஜினன் இதிலிருந்து கிடைக்கிறது. மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. அந்த வருமானம் எத்தனையோ பெண்களின் அடுப்பை எரியவைத்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால், மிதவையிலிருந்து அறுந்த துண்டு எங்கே போகிறது? மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் விடை சொன்னார்கள். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே அது உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து, ஒளியை மறைத்து, அதைக் கொன்றுகொண்டிருந்தது. பரவிய பரப்பு மிகச் சிறிது என்று வாதிட்ட அறிவியலாளரும் உண்டு. எனினும் பின்னர் பக்கத்துத் தீவுகளிலும் அது காணப்பட்டது. கையால் பிய்த்தெடுத்தாலும் விட்டுப்போன துண்டு மீண்டும் தழைக்கிறது.

கடல் சூடேறுவதோ இருபுறமும் அறுக்கிறது. 2010லும் 2016லும் வெப்பம் தாளாது மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறின. நலிந்த பவளத்தைப் பாசி எளிதில் மூடும். பவளம் போனால் மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லை. 2013ஐ ஒட்டி, மிதவைகளில் கட்டிய இதே பாசியும் வெப்பத்தால் பேரளவில் மடிந்தது. ஆக, பாரை நம்பிய மீனவரும் பயிரை நம்பிய பெண்ணும் ஒருசேர நட்டப்பட்டார்கள்.

எண்ணூர், பழவேற்காட்டு மீனவர்களும் இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'காக்கா ஆழி'. தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த அச்சிப்பி கொசஸ்தலை ஆற்றின் அடியைப் போர்த்தி, இறால் வாழும் சேற்றை மூடிவிட்டது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. இரண்டு இடத்திலும் வந்த உயிரைத் தினந்தோறும் கண்டவர்கள், கையால் தொட்டவர்கள், பெயரிட்டவர்கள் கடலோர மக்களே. முடிவெடுக்கும் மேசையில் மட்டும் அவர்களுக்கு இருக்கை இல்லை.

2023இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாசி வளர்ப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நம் கடலிலேயே கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் உண்டு; மதுரையின் அகர் ஆலைகள் அவற்றை நம்பியே எழுந்தவை. அவற்றைப் பயிராக்கும் ஆய்வுக்கு முதலிடம் தரப்படட்டும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நாற்றுக்கும் முன்னதாக, தீவுகளைச் சுற்றிப் பாசி பறித்து வாழும் பெண்களின் சொல் கேட்கப்படட்டும். தீவுகளைக் கண்காணிக்கும் செலவை, பாசியால் இலாபம் பெறுவோர் ஏற்கட்டும். கடலுக்கு வேலி கிடையாது. அதில் எதை இறக்கினாலும் திரும்பப் பெற முடியாது என்ற எண்ணத்தோடுதான் இறக்க வேண்டும்.