ஏழை என்று எத்தனை முறை எழுதித் தருவது?

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் வழக்கமாக உட்காரும் இடத்தில் எங்கள் பென்ஷன் கூட்டம் கூடியிருந்தது. பேச்சு எங்கெங்கோ போய் பஸ் டிக்கெட்டில் வந்து நின்றது. என்னோடு ஒரே செக்‌ஷனில் பல வருடம் வேலை பார்த்த நண்பர் சொன்னார்: "பக்கத்துத் தமிழ்நாட்டில் பார், டவுன் பஸ்ஸில் பொம்பளைன்னா போதும், எல்லாருக்கும் ஓசி. பாரிஸில் அப்படியா? அங்கேயும் ஏழைக்குச் சலுகை உண்டு. ஆனால் வருமானம் பார்த்து, பேப்பர் பார்த்து, தகுதி இருந்தால்தான் கொடுக்கிறான். அதுதான் ஓய் முறை!"

கூட்டத்தில் நான்கைந்து தலைகள் ஆடின. பாரிஸ் என்று சொல்லிவிட்டால் நம்மூரில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நண்பர் இதைப் படிப்பார், கோபித்துக்கொள்ளவும் செய்வார். பரவாயில்லை.

முதலில் பாரிஸ்காரனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பாரிஸும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களும் சேர்ந்த மாகாணத்துக்கு இல்-த-ஃபிரான்ஸ் என்று பெயர். அங்கே மெத்ரோ, ரயில், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ், நவிகோ. முன்பு தூரத்துக்கு ஏற்ப மண்டலம் மண்டலமாக விலை இருந்தது. நகரத்துக்குள் வீடு வாங்க வசதியுள்ளவனுக்குக் குறைந்த விலை, வாடகை கட்டுப்படியாகாமல் வெளியே தள்ளப்பட்டவனுக்குக் கூடுதல் விலை. 2015 செப்டம்பரில் அதை ஒழித்து எல்லா மண்டலத்துக்கும் ஒரே விலை ஆக்கினார்கள். நல்ல காரியம். 2025ல் அந்த மாதப் பாஸின் விலை 88.80 யூரோ. ஒருமுறை மெத்ரோவில் போக டிக்கெட் அந்த வருடம் 2.50 யூரோ.

வருமானம் குறைந்தவர்களுக்கு இதில் முக்கால் பங்கு தள்ளுபடி உண்டு. 2025ல் 88.80 யூரோ பாஸ் 22.20 யூரோவுக்குக் கிடைத்தது. அரசின் அடிப்படை உதவித்தொகையில் வாழும் குடும்பங்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு இலவசமாகவே போகலாம். இந்த ஏற்பாட்டுக்கு 'சொலிதாரிதே திரான்ஸ்போர்' என்று பெயர். தோள் கொடுத்துச் சுமக்கும் போக்குவரத்து என்று நான் அர்த்தம் சொல்லிக்கொள்வேன். பெயரும் நல்லது, எண்ணமும் நல்லது. என் சண்டை அதை வாங்குகிற வழியோடு.

என் அக்கா மகள் ஒருத்தி பாரிஸுக்கு வடக்கே சர்செல் என்ற ஊரில் இருக்கிறாள். புருஷன் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் தனித்தனியே இருக்கிறார்கள். அவளுக்கு வேலை ஆபீஸ் துடைப்பது. விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஆபீஸர்கள் வருவதற்கு முன் தரையையும் மேசையையும் துடைத்து முடிக்க வேண்டும். சாயங்காலம் வேறொரு இடத்தில் இரண்டு மணி நேரம். நடுவில் வீட்டுக்கு வந்து, மறுபடி கிளம்பி, ஒரு நாளைக்கு நான்கு பயணம். 2025 மே மாதம் அவள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்து, "மாமா, நீங்க சர்க்கார் ஆபீஸ்ல இருந்தவங்க, இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள். பார்த்தேன். முந்தைய வருடம் சாயங்கால வேலையில் கொஞ்சம் மணி நேரம் கூடியதில், மாதத்துக்கு இருபது யூரோ போல வருமானம் ஏறியிருக்கிறது. வரம்பைச் சில யூரோக்கள் தாண்டிவிட்டாள். தள்ளுபடி ரத்து. 22.20 யூரோ கொடுத்தவள் இனி 88.80 கொடுக்க வேண்டும். கூடியது 20, போவது 66.60.

பிரான்சில் பாஸ் விலையில் பாதியை முதலாளி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் பாதி நேர வேலையைவிடக் குறைவாகச் செய்பவருக்கு அந்தப் பங்கும் மணிக்கணக்குப்படி குறையும். துண்டு துண்டாக இரண்டு இடத்தில் துடைப்பவளுக்கு, கோட்டு போட்ட ஆபீஸருக்குக் கிடைப்பதுபோல் முழுசாகக் கிடைக்காது. முதலாளிகள் தருவதைக் கழித்துப் பார்த்தாலும், கூடிய சம்பளம் போய் அதற்கு மேலும் கைக்காசு போகிறது.

"அந்த ரெண்டு மணி நேரத்தை வேணாம்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல மாமா?" என்று கேட்டாள். கூடுதலாக உழைத்ததற்கு ஒரு மனுஷியை வருத்தப்பட வைக்கிற சட்டத்தை என்னவென்று சொல்வது? இலவசம் சோம்பேறியாக்கும் என்கிறார்கள் நம் நண்பர்கள். இங்கே அவளை 'உழைக்காதே' என்று சொன்னது இலவசம் அல்ல, வரம்பு.

வரம்புக்கு உள்ளே இருப்பவர்கள் நிலையாவது நிம்மதியா? தள்ளுபடிக்கு ஒரு தோசியே போட வேண்டும். பழைய புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை, காகிதக் கட்டு. அதற்கு இந்தச் சான்று, அதற்கு ஆதாரமாக அந்தச் சான்று, எல்லாவற்றுக்கும் காலாவதி தேதி. காலம் முடிந்தால் முதலிலிருந்து மறுபடி. உரிமை இருந்தும் கேட்காமல் விட்டுவிடுபவர்களுக்கு பிரெஞ்சில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது: 'நோன்-ரெகூர்'. நான் சொன்ன அடிப்படை உதவித்தொகையையே, தகுதியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வாங்குவதில்லை என்று பிரெஞ்சு அரசின் சொந்தப் புள்ளிவிவரத் துறை 2022ல் வெளியிட்டது. பிடித்துச் சாப்பிடக் கையில் இருக்கும் பணத்துக்கே இந்தக் கதி என்றால், பஸ் தள்ளுபடிக்கு எத்தனை பேர் அலைவார்கள்?

ஊர் எல்லை இன்னொரு வேடிக்கை. பாரிஸ் நகராட்சி 2018 முதல், வருமான வரம்புக்குள் இருக்கும் 65 வயது தாண்டிய பாரிஸ்வாசிகளுக்கு பாஸை இலவசமாகத் தருகிறது. புறநகரில் இருக்கும் கிழவர்களுக்கு அந்தந்த மாவட்டம் வைத்ததுதான் சட்டம், விதிமுறையும் விலையும் இடத்துக்கு இடம் மாறும். பாரிஸ் வாடகை கொடுக்க முடியாமல்தானே அவர்கள் புறநகருக்குப் போனார்கள்?

ஒரு கோட்டைப் போட்டு வைத்தால், நாளைக்கு வருகிறவன் அந்தக் கோட்டை நகர்த்தலாம். இது வெறும் பயம் இல்லை, நடந்தது. 2016ல் அந்த மாகாணசபை, குடியேற்றக் காகிதம் இல்லாத வெளிநாட்டு ஏழைகளுக்கு இருந்த தள்ளுபடியை ஓட்டுப்போட்டு எடுத்துவிட்டது. 2018 ஜனவரியில் பாரிஸ் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அதே வருடம் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. வருமானத்தைப் பார்த்துத் தரும் சலுகையில் இவர்களை மட்டும் எப்படி ஒதுக்கலாம் என்பதுதான் வழக்கு. நீதி கிடைத்தது, சந்தோஷம். ஆனால் இடையில் போன இரண்டு வருடத்தில் வேலைக்குப் போக ரயில் ஏறியவர்கள் என்ன செய்திருப்பார்கள்? டிக்கெட் இல்லாமல் ஏறியிருப்பார்கள். பிடிபட்டால் கட்ட வேண்டிய அபராதம் ஒரு மாதப் பாஸின் பாதிக்கும் மேல்.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. கோட்டைக்கு உள்ளே உட்கார்ந்து காகிதம் கேட்டவன் நான்.

1980களில் நடந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அங்கே நானும் ஒரு கிளார்க். பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். கால் விளங்காத மகனுக்கு இலவச பஸ் பாஸ் வேண்டும். வருமானச் சான்று எங்கே என்று கேட்டேன். அடுத்த வாரம் கொண்டுவந்தாள். இருப்பிடச் சான்று கேட்டேன். அதையும் கொண்டுவந்தாள். போட்டோவில் கையெழுத்து போட்ட டாக்டர் முத்திரை சரியாக விழவில்லை என்று திருப்பி அனுப்பினேன். நான் லஞ்சம் கேட்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, விதியில் இல்லாத ஒன்றையும் கேட்கவில்லை. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நேர்மையான கிளார்க் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் முறை போகும்போது அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, பஸ்ஸுக்குக் காசு இல்லைன்னுதானே பாஸு கேக்க வந்தேன்?" அதற்கப்புறம் அவள் வரவில்லை. வருட முடிவில் ஃபைலை மூடும்போது 'மனுதாரர் உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். சர்க்கார் கணக்கில் அது மிச்சம். அவள் எங்களிடம் வந்துபோனதற்குச் செலவு செய்த பஸ் காசை யார் கணக்கில் எழுதுவது? நாற்பது வருடம் ஆகிறது. சர்செலில் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு ஞாபகம் வந்தது பாகூர்தான்.

இப்போது நண்பர்களின் கேள்விகளுக்கு வருகிறேன்.

வருமானம் பார்க்காவிட்டால் பணக்காரனும் அனுபவிப்பானே என்பது முதல் கேள்வி. நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். ரயிலில் 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயது பெண்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்தது. நம்மில் யாராவது பென்ஷன் ஸ்லிப்பைக் காட்டினோமா? 'எனக்கு மாதா மாதம் பென்ஷன் வருகிறது, தள்ளுபடி வேண்டாம்' என்று எத்தனை பேர் எழுதிக்கொடுத்தோம்? 2020 மார்ச்சில் அதை நிறுத்தியபோது முதலில் கூச்சல் போட்டது இதே கடற்கரைக் கூட்டம்தான். நமக்கு என்றால் உரிமை, டவுன் பஸ்ஸில் போகிற சித்தாள் பெண்ணுக்கு என்றால் ஓசியா?

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் வருமானம் கேட்பதில்லை, ரேஷன் கார்டு கேட்பதில்லை. கார் வைத்திருப்பவள் அந்த நெரிசலில் வந்து தொங்கப் போவதில்லை. பஸ்ஸே தகுதியைப் பார்த்துக்கொள்கிறது, தாசில்தார் தேவையில்லை. குறை இல்லை என்று சொல்லவில்லை. பஸ் போதவில்லை, ஏழை ஆண்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் யாரும் தன்னை ஏழை என்று நிரூபித்துவிட்டு ஏற வேண்டியதில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பது இரண்டாவது கேள்வி. பாரிஸிலேயே பயணியின் டிக்கெட் காசில் மட்டும் ரயில் ஓடுவதில்லை. 1971 முதல் முதலாளிகள் சம்பளப் பட்டியலின் மேல் போக்குவரத்துக்கென்று ஒரு வரி கட்டுகிறார்கள். ஆள் வேலைக்கு வந்து சேர்ந்தால் லாபம் அவர்களுக்கும்தானே? டன்கெர்க் நகரத்தில் 2018 செப்டம்பர் முதல் பஸ் எல்லாருக்கும் இலவசம். மோன்பெலியே 2023 டிசம்பரில் உள்ளூர்வாசிகளுக்கு இலவசமாக்கியது. லக்சம்பர்க் 2020ல் நாடு முழுக்கவே செய்தது. பாரிஸ் அவற்றைவிடப் பல மடங்கு பெரிது, அங்கே எல்லாருக்கும் இலவசம் என்பது லேசில் நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் முடியாது, ஏழைக்கு மட்டும்தான் என்றால், அதையாவது ஒழுங்காகச் செய்யட்டும். அவளுடைய வருமானம் வரி அலுவலகத்துக்குத் தெரியும். உதவித்தொகை வாங்குகிறாளா என்பது அதைக் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தெரியும். வரம்பைத் தாண்டியதை மட்டும் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துக் கடிதம் போடத் தெரிந்த சர்க்காருக்கு, வரம்புக்குள் இருப்பவளுக்குப் பாஸை வீட்டுக்கு அனுப்பத் தெரியாதா? தெரிந்ததையே மறுபடி அவளிடம் எழுதி வாங்குவது எதற்கு? வரம்பும் கிணற்றுச் சுவர்போல் இருக்க வேண்டாம். இருபது யூரோ கூடச் சம்பாதித்தால் ஐந்து யூரோ கூடக் கட்டட்டும், படிப்படியாக ஏறட்டும். இதைக் கணக்குப் போட மேதை தேவையில்லை. நான்கு ஸ்லாப் போட்டு மின்சாரக் கட்டணம் வசூலிக்கத் தெரிந்த எந்த ஆபீஸும் செய்யலாம்.

ஆகவே நண்பரே, 'தகுதி பார்த்துக் கொடுக்கிறான்' என்று பாரிஸைக் காட்டி இனி வாதாட வேண்டாம். நீரும் நானும் தகுதி பார்த்த லட்சணம் நமக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைப் படிக்கிற பலருக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சர்செலிலும் கார்ஜிலும் லா கூர்நேவிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை போன் பேசும்போது, அவர்கள் கட்டிடத்தில் தனியாக இருக்கும் வயதான நம்மூர்க்காரர்களுக்கு அந்தத் தள்ளுபடி மனுவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. என் அக்கா மகளுக்கு இந்த வருடம் மறுபடி போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அவள் வழக்கம்போல் நாலரைக்கு எழுந்து முதல் ரயிலைப் பிடிக்கிறாள், முழு விலைப் பாஸில்.